கட்ச் இல்லாத விளையாட்டில் ஒரு கட்ச்

கொல்ஃப் மைதானத்தில் வேலை செய்கிறவன் தன் வேலையை நன்றாகச் செய்திருந்தால், அவன் அங்கே வந்து போனதே ஒருவருக்கும் தெரியாது.

புல் வெட்டியிருக்கும், மணல் வாரியிருக்கும், பந்து விழுகிற குழி நேற்று இருந்த இடத்தை விட்டு வேறு இடத்துக்கு மாறியிருக்கும். ஆர் செய்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். விடிய எழும்பிக் கந்தோர் கூட்டினவர்கள், ஹோட்டலில் கட்டில் விரித்தவர்கள், படியேறிப் படியேறிப் பேப்பர் போட்டவர்கள், இதை வாசிக்கிற சகோதரங்களே, உங்களுக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாங்கள் எல்லாரும் ஒரே சங்கம். நான் புல்லுப் பிரிவு, அவ்வளவு தான்.

ஒஸ்லோவில் காட்டு ஓரமாய் இருந்த ஒரு கிளப்பில் இரண்டாயிரத்து ஒன்றில் சேர்ந்தேன். ராசா என்பது அங்கே என்னைக் கூப்பிடுகிற பெயர். சித்திரையில் பனி கரைந்தால் கூப்பிடுவார்கள். ஐப்பசியில் நிலம் இறுகினால், "அடுத்த வருசம் பாப்பம்" என்று கை குலுக்கி அனுப்புவார்கள். இந்தப் "பாப்பம்" தான் என் தலையிடி. வருசம் முழுக்கச் சம்பளம் வருகிற நிரந்தர வேலை இருந்தால் தான், இலங்கையில் இருக்கிற மனுசி பவளத்தையும் மகளையும் கூப்பிட விசாக் கந்தோர் விடும். அரை வருச வேலையைக் காட்டி அரைக் குடும்பத்தைக் கூடக் கூப்பிட ஏலாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ.

வெறுங்கால்

முதல் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் ஊட்வார். மைதான வேலைக்கு அவர் தான் பொறுப்பு. பனை உயரம், மேலுதட்டுக்குள் எந்நேரமும் புகையிலைப் பொட்டலம், ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் பேசாத மனிசன். கையால் தள்ளுகிற வெட்டு மெஷினைத் தந்து, குழி இருக்கிற அந்த வட்டமான புல்தரையைக் காட்டினார். அதைக் 'கிரீன்' என்பார்கள். கம்பளத்தை விடக் கட்டையாய் வெட்டின புல். ஒரு சருகு இல்லை, ஒரு களை இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமோ? சப்பாத்தைக் கழட்டி ஓரத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினேன். யோசித்துச் செய்யவில்லை. அவ்வளவு துப்பரவான இடத்துக்குள் சப்பாத்தோடு ஏறுகிற பழக்கம் எங்களிடம் இல்லை.

வைகாசிப் பனித்தண்ணி, எலும்புக்குள் ஊசி குத்துகிற மாதிரி. பாதி வெட்டி முடிக்கையில் ஊட்வார் தூரத்தில் இருந்து ஓடி வருகிறார். முதல் நாளே வேலை போச்சு என்று நினைத்தேன். வந்தவர் என் காலைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், "ஏன்?" என்றார். எனக்குத் தெரிந்த நாலு நோர்வேச் சொல்லில் ஒன்றை எடுத்து, புல்லைக் காட்டி, "வீட்டுக்குள்ளை" என்றேன். நோர்வேக்காரரும் வீட்டுக்குள் சப்பாத்தோடு வராத சனம் தானே, அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "கால் விறைக்கும், சப்பாத்தைப் போடும். ஆனால் அந்த எண்ணத்தைக் கழட்டிப் போடாதையும்."

மூன்று நாள் ஐரோப்பா

அடுத்த வருசம் புரட்டாதி முடிவில் கிளப் வீட்டுக்குள் பெரிய தொலைக்காட்சி ஒன்றைத் தூக்கி வைத்தார்கள். ரைடர் கோப்பை. இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அணி சேர்ந்து மூன்று நாள் மோதுகிற பழைய போட்டி. முதலில் பிரித்தானியா மட்டும் தான் அமெரிக்காவோடு விளையாடினதாம். தோற்றுத் தோற்றுக் களைத்துப் போய், பிறகு ஐரோப்பா முழுவதையும் சேர்த்துக்கொண்டதாம். கிளப் குசினியில் வேலை செய்த மன்னார்ப் பெடியன் யேசுதாசனுக்கு நான் இதைச் சொல்ல, அவன் வெங்காயம் வெட்டுகிறதை நிப்பாட்டிவிட்டு, "அப்ப வெளியாலை ஆள் எடுத்துத்தான் வெண்டிருக்கினம் அண்ணை. இதைக் கொஞ்சம் பலத்துச் சொல்லுங்கோ, விசாக் கந்தோருக்கும் கேக்கட்டும்" என்றான்.

கிளப் வீட்டு வாசலில் நீலக் கொடி தொங்கியது, மஞ்சள் நட்சத்திரங்களோடு. ஐரோப்பிய ஒன்றியத்துக் கொடி. எனக்குத் திகைப்பு. இந்த நாட்டுச் சனம் அந்த ஒன்றியம் வேண்டாம் என்று இரண்டு தரம் வாக்குப் போட்ட சனம். அந்த அணியில் ஒரு நோர்வேக்காரன் கூட இல்லை. சுவீடன்காரர் இருந்தார்கள், அவர்கள் நல்லாய் அடித்தால் எங்கடை ஆட்கள் ஒரு கையால் மட்டும் தட்டுவார்கள். கிளப் தலைவர் ஹெல்கே, பென்சன் எடுத்த பல்லு டொக்டர், கொடிக்குக் கீழே நின்றார். "இதை வேண்டாமெண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொடியை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூண்டு நாளைக்குத் தான் ராசா. திங்கட்கிழமை திருப்பிக் குடுத்திடுவம்."

தந்தாச்சு

அந்தப் போட்டியில் தான் ஒரு வழக்கத்தைக் கண்டேன். ஒருவனின் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இன்னும் விழவில்லை. எதிராளி தலையை அசைத்து ஏதோ சொல்கிறான். இவன் பந்தைக் குனிந்து எடுத்துக்கொண்டு போகிறான். அடிக்கவே இல்லை! ஊட்வார் விளங்கப்படுத்தினார். அணிப் போட்டியில் எதிராளி, 'அது விழும், நான் நம்புறன், தந்தாச்சு, எடும்' என்று சொல்லலாம். சொன்னால் விழுந்த கணக்கு. சொல்லாமல் விட்டு, அவன் கை நடுங்குகிறதா என்று பார்க்கவும் உரிமை இருக்கிறது. கேட்டு வாங்க முடியாது. தந்தால் தான்.

அன்று பவளத்துக்கு ரெலிபோன் எடுத்து இதைச் சொன்னேன். அவளும் மகளும் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். கவனமாய்க் கேட்டுவிட்டு அவள் சொன்னது: "விழாத பந்தை விழுந்தது எண்டு சொல்லுகினமோ? நல்ல சனமாத்தான் இருக்குது. எங்கடை பந்தும் கரையிலை வந்து நிக்குதெண்டு ஆருக்கும் சொல்லுங்கோவன்."

எல்லாருக்கும் ஒரே வரிசை

ரைடர் கோப்பையைப் பார்த்த ஆசையில் எங்கள் கிளப்பும், எல்லைக்கு அங்காலை இருந்த ஒரு சுவீடன் கிளப்பும் அதே மாதிரி அணிப் போட்டி தொடங்கின. இரண்டு நாள், இரண்டு வருசத்துக்கு ஒருக்கால், ஒரு வெள்ளிக் கோப்பை. முதல் தரம் சுவீடனில் நடந்தது, எங்கடை ஆட்கள் தோற்று வந்து ஒரு மாதம் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அடுத்த தரம் எங்கள் இடத்தில். இரண்டாயிரத்து ஆறு, அயர்லாந்தில் ஐரோப்பா வென்று ஒரு கிழமை.

முதல் நாள் விடியப் பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. உறைபனி. உறைந்த புல்லில் கால் வைத்தால் புல் உடைந்து, அடுத்த நாள் காலடி கறுப்பாய்த் தெரியும். ஊட்வார் என்னை முதலாவது கிரீனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "ஒருத்தரையும் விடாதையும்" என்றுவிட்டுப் போனார். முதலில் வந்தது ஹெல்கே.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்றார்.

"சொல்ல ஏலாது."

"கிட்டமுட்ட?"

"ஒவ்வொரு விசயமும் வேறை வேறை. முடிவு வெயில் தான் எடுக்கும்."

"ராசா, நான் இந்தக் கிளப்பின்ரை தலைவர்."

"எல்லாருக்கும் ஒரே வரிசை தான். முடிவு வந்தால் நாங்களே அறிவிப்பம். அடிக்கடி வந்து கேட்டால் இன்னும் சுணங்கும்."

சொல்லி முடித்த பிறகு தான் எனக்கே விளங்கியது, இதெல்லாம் விசாக் கந்தோர்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளை எனக்குச் சொல்லிச் சொல்லிப் பாடமான வசனங்கள். ஹெல்கே பின்னால் திரும்பி, "இப்பிடி ஒரு பதிலை நான் என்ரை வாழ்நாளிலை கேட்டதில்லை" என்றார். வாளியோடு வந்துகொண்டிருந்த ஊட்வார் நிற்காமல் நடந்தபடி சொன்னார்: "ராசா கேட்டிருக்கிறார்."

ரோல்ஸ்

அன்று மத்தியானம் யேசு தன் பாட்டில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து வைத்துவிட்டான். உருளைக்கிழங்கும் மீனும் சாப்பிட்டுப் பழகின சுவீடன்காரர் முதலில் ஒன்றை மணந்து பார்த்தார்கள், பிறகு தட்டைத் துடைத்தார்கள். பின்னேர ஆட்டத்தில் அவர்களுக்கு நடை தள்ளாடியது, அடி பிழைத்தது, பொழுதுபடுகையில் இரண்டு பக்கமும் சமன். அவர்களின் அணித் தலைவர் லார்ஸ், சிவந்த முகமும் பெரிய வயிறுமாய் ஒரு சந்தோசமான மனிசன், குசினி யன்னலுக்குள் தலையை விட்டு யேசுவிடம் சொன்னார்: "இது சாப்பாடில்லை, சதி. நாளைக்கும் செய்வீரோ?"

கை முதலில் போனது

இரண்டாம் நாள், கடைசி ஆட்டம், கடைசிக் குழி. அணிகள் சமன். ஹெல்கேயும் லார்ஸும் தனி ஆளுக்கு ஆள், அவர்களும் சமன். ஹெல்கே வென்றால் கோப்பை எங்களுக்கு. அவர்கள் சமனாய் முடித்தால், ரைடர் கோப்பை மாதிரியே, போன தரம் வென்ற சுவீடன்காரரிடமே கோப்பை இருக்கும். கடைசிக் கிரீனுக்குப் பக்கத்தில் ஒரு குளம். குளக்கரையில் மணல் வாருகிற வாரியோடு நான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் கிரிக்கெட்டில் கட்ச் பிடிக்கச் சிலிப்பில் நிற்கிறதை ஒஸ்லோ வந்தும் விடவில்லை, கோடையில் எங்கடை பெடியளோடு போய் நிற்பேன். ஹெல்கே தூரத்தில் இருந்து அடித்தார். பந்து வளைந்து, கிரீனை விட்டு விலகி, நேரே குளத்தைப் பார்த்து வந்தது. நடுவில் நான், பந்து என் இடப்பக்கம். வாரி எங்கே போனதோ தெரியாது. பாய்ந்து ஒரு கையால் பிடித்தேன். பிடித்ததோடு நின்றேனா? பந்தை மேலே தூக்கி, "அவுட்!" என்று கத்தியும் விட்டேன்.

சுற்றி நின்ற அவ்வளவு சனமும் என் கையைப் பார்த்தது. கொல்ஃபில் வேலைக்காரன் பந்தைத் தொடவே கூடாது. இரண்டு கிளப்புக்கும் பொதுவாய் வந்த நடுவர், நரைத்த தலையோடு ஒரு அம்மா, கிட்ட வந்தார். வேணுமென்று பிடித்தேன் என்றால் பந்து குளத்துக்குள் போன கணக்கு, ஹெல்கே தோற்றது போலத் தான். தற்செயல் என்றால் நான் நின்ற இடத்தில் பந்தைப் போட்டு விளையாடலாம். எனக்கு நிரந்தர வேலை கொடுக்கிறதா என்று அடுத்த கிழமை கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிற மனிசன் ஹெல்கே. இதெல்லாம் தலைக்குள் ஓடியது. ஆனால் வாயில் வந்தது உள்ளது தான்: "எனக்கே தெரியேல்லை அம்மா. பந்து வந்தது. கை போனது. நான் கைக்குப் பின்னாலை தான் போனனான்."

நடுவர் அம்மா சிரிக்காமல், தற்செயல் என்று தீர்த்தார். ஹெல்கே அங்கிருந்து அடித்துக் குழிக்குள் போட்டார். இனி லார்ஸ் ஒரே அடியில் போட்டால் சமன், விட்டால் கோப்பை எங்களுக்கு. பந்துக்கும் குழிக்கும் நடுவில் ஒரு முழம் கூட இல்லை, ஆனாலும் லார்ஸின் கை நடுங்குவது எனக்கே தெரிந்தது. ஹெல்கே ஒருக்கால் என்னைப் பார்த்தார், ஒருக்கால் குளத்தைப் பார்த்தார். பிறகு, "லார்ஸ், தந்தாச்சு. எடும்" என்றார். சமன். கோப்பை திரும்பவும் சுவீடனுக்கு. லார்ஸ் ஹெல்கேயைக் கட்டிப்பிடித்து அழுதார். எங்கடை உறுப்பினர் ஒருவர் என்னைத் தாண்டிப் போகையில், நான் கேட்கவேண்டும் என்றே சொன்னார்: "குளத்துக்குள்ளை போயிருந்தால் மனம் ஆறியிருப்பம். இது ஒரு புல்லு வெட்டுற ஆளின்ரை கைக்குள்ளாலை போச்சு."

வெள்ளவத்தைத் தீர்ப்பு

நடந்ததைப் பவளத்திடம் மறைக்கத்தான் நினைத்தேன். ஆனால் யேசுவின் மனுசிக்கு வாய் நீளம், எனக்கு முதலே செய்தி வெள்ளவத்தைக்குப் போய்விட்டது. ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்த காலம். வெள்ளவத்தை அறைக்காரி வேறு அறையை விட்டு எழும்பச் சொல்லுகிறாளாம். நான் "ஹலோ" என்று சொல்ல முதல் பவளம் தொடங்கினாள்.

"இஞ்சரப்பா, உங்களை ஆர் அந்தப் பந்தைப் பிடிக்கச் சொன்னது?"

"கை தானாப் போட்டுது பவளம்."

"எங்கடை கலியாணத்தண்டும் மட்ச் எண்டு போய், தாலி கட்டப் பிந்தி வந்த கை தானே அது! கட்சை விட்டிட்டெண்டாலும் நேரத்துக்கு வந்திருக்கலாம். எத்தினை கட்ச் விட்டனீங்கள், இதை விட்டிருக்கக் கூடாதோ?"

பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளாக்கும் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்: "ஒரு கையாலையே பிடிச்சனீங்கள்?"

பட்டறைச் சீமெந்து

கூட்டம் நடந்த பின்னேரம் நான் மெஷின் பட்டறையில் வெட்டுத் தகடுகளைக் கழுவிக்கொண்டு இருந்தேன். யேசு எனக்கு நோர்வேயில் நாலு வசனம் சொல்லித் தந்திருந்தான். 'எனக்கு ஒரு மனைவி, ஒரு மகள். ஐந்து வருசமாய் இங்கே வேலை செய்கிறேன். குளிர் காலத்திலும் எந்த வேலையும் செய்வேன். தயவு செய்து.' கழுவக் கழுவ அதையே முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். ஹெல்கே கதவைத் திறந்துகொண்டு வந்தார், பின்னால் ஊட்வார். நான் கையைத் துடைத்துவிட்டுத் தொடங்கினேன். "எனக்கு ஒரு மனைவி, ஒரு..."

ஹெல்கே கையைத் தூக்கினார். "தந்தாச்சு ராசா. எடும்."

நான் குனிந்து சீமெந்துத் தரையில் பந்தைத் தேடினேன். உண்மையாய்த் தான். மேசைக்குக் கீழேயும் பார்த்தேன். ஊட்வார் தான் என் தோளைப் பிடித்து நிமிர்த்தி, "பந்தில்லை, வேலை. குளிருக்கு மைதானத்திலை பனிச்சறுக்குப் பாதை போடோணும், அந்த மெஷினை நீர் ஓட்டும்" என்றார். யாழ்ப்பாணத்தான் பனிச்சறுக்குப் பாதை போடுகிறது! எவ்வளவோ நன்றி சொல்ல நினைத்தும் அந்த நாலாவது வசனம் மட்டும் தான் வாயில் வந்தது: "தயவு செய்து." ஹெல்கே சிரித்துவிட்டுப் போனார். கூட்டத்தில் என்ன நடந்தது என்று ஊட்வார் பிறகு சொன்னார். பந்தைப் பிடிக்கிற ஆளை ஏன் நிரந்தரமாய் வைக்கவேண்டும் என்று ஒருவர் கேட்டாராம். ஹெல்கே சொன்ன மறுமொழி: "கையிலை வந்ததைத் தவறவிடுற ஆக்கள் எங்களிட்டை போதுமான அளவுக்கு இருக்கினம்."

ஒரு சாண்

பவளமும் மகளும் அடுத்த வருசம் வந்து இறங்கினார்கள். ஒஸ்லோ ஓரத்தில், ஹவுகெட்டோவில் ஒரு சின்ன வீடு எடுத்தோம். வந்த முதல் கிழமையே அவள் ஊட்வாரைக் கூப்பிட்டுச் சோறு போட்டாள். அவர் கறி உறைத்து, கண்ணால் தண்ணி வழிய வழிய ஒரு சொல்லும் பேசாமல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். ஹெல்கே பூங்கொத்தோடு வந்தார். அவரிடம் பவளம் தனக்குத் தெரிந்த ஒரே நோர்வேச் சொல்லை, 'நன்றி'யை, வாசலில் ஒருக்கால், கதிரையில் ஒருக்கால், போகையில் ஒருக்கால் சொன்னாள். நான் மனதுக்குள் எத்தனை தரம் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து எட்டில் ரைடர் கோப்பை அமெரிக்காவில். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் குடும்பமாய் இருந்து பார்த்தோம், யேசுவும் ரோல்ஸோடு வந்தான். ஐரோப்பா தோற்றுக்கொண்டு இருந்தது. ஒரு கட்டத்தில் ஒருவனின் பந்து குழிக்கு மிகக் கிட்ட வந்து நின்றது. அவன் எதிராளியைப் பார்க்கிறான். எதிராளி வேறு எங்கேயோ பார்க்கிறான். எந்தப் பக்கத்து ஆள் எந்த அணி என்றே பவளத்துக்குத் தெரியாது. ஆனாலும் கதிரை நுனிக்கு வந்து, தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினாள்: "டேய், ஒரு சாண் தானே! குடுங்கோவனடா, குடுத்தால் குறைஞ்சே போவியள்?"

கட்ச் என்பதே இல்லாத ஒரு விளையாட்டில் ஒரேயொரு கட்ச் பிடித்து, கோப்பையைச் சுவீடன்காரருக்கும் குடும்பத்தை எனக்கும் வாங்கித் தந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்தனாய்த் தான் இருப்பேன்.